ராணிக்குக் காது கேட்காது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுகிற ஆள் நான். ராஜபாளையத்தில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்த காலத்தில், சேத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பில் வெள்ளை உருவம் நடமாடுகிறது என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். காவல்காரர் துவைத்துக் காயப்போட்டிருந்த வேட்டி. அதையும் செய்தியாக எழுதினேன், அவர் என்னோடு கொஞ்ச காலம் பேசவில்லை. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இதில் நள்ளிரவு இல்லை, சுடுகாடு இல்லை. பட்டப்பகல், ஜூன் மாத வெயில், ஒரு நாய்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரிக்கு வெளிநாட்டு மாணவர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். சூடான், ஜோர்டான், ஏமன், தாய்லாந்து. எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் என்பதால், கல்லூரி திறக்கும் முன் கோடை முழுவதும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர்களுக்கு ஆங்கிலம், ஆங்கிலம், ஆங்கிலம். நான் ஆங்கில இலக்கியம் படித்தவன் என்று பேச்சு வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள். செய்தி அனுப்புவது இருட்டிய பிறகுதானே என்று ஒப்புக்கொண்டேன்.

வகுப்புக்கு வெளியிலும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது விதி. வெளியில் அவர்களோடு ஆங்கிலம் பேச யார் இருந்தார்கள்? ஜோர்டான் பையன் காலித், வந்த சில வாரத்தில் வன்னியம்பட்டி பஸ்ஸில் ஏறி, "செத்த தள்ளி நில்லுங்கண்ணே, எறங்கணும்" என்று சொல்லக் கற்றுக்கொண்டான். பால்கோவா கடையில் போய் நின்று "எம்புட்டு?" என்பான். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரைக் கேட்டால்தான் விட்டத்தைப் பார்ப்பான்.

உஸ்மான் மட்டும் எந்த மொழியிலும் வாயைத் திறக்கவில்லை. சூடான்காரன், வகுப்பறைக் கதவில் குனிந்து நுழைய வேண்டிய உயரம். எழுதச் சொன்னால் அவன்தான் முதல். எழுந்து பேசச் சொன்னால் முதல் சொல்லோடு நின்றுவிடுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள், உட்கார்ந்துவிடுவான். கோடையின் முடிவில் பேச்சுத் தேர்வு, அதற்கு மதுரையிலிருந்து ஒரு பேராசிரியை வருவார். அதில் தவறினால் கல்லூரியில் இடமில்லை, விசாவும் நீடிக்காது. ஊருக்குத் திரும்பினால் அவனைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். அப்படிப் போன அண்ணனிடமிருந்து வெகுநாளாகத் தகவல் இல்லை. இதைக்கூட அவன் ஒரு தாளில் எழுதித்தான் எனக்குக் காட்டினான்.

அவன் குடியிருந்தது ராஜபாளையத்தில் வெங்கட்ராஜா வீட்டு மாடியறையில். அங்கேதான் ராணி இருந்தது. ராஜபாளையம் நாய் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளை, ரோஜா நிற மூக்கு. அந்த வெள்ளையில் சில குட்டிகள் செவிடாகவே பிறக்கும். ராணி அப்படிப்பட்டது. அதைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையை ஓங்கி மிதிக்க வேண்டும், அதிர்வு தெரிந்து திரும்பும். தீபாவளிக்குத் தெரு நாய்களெல்லாம் திண்டாடும்போது ராணி வாசலில் மல்லாந்து தூங்குமாம். கேள்விப்பட்டதை அப்படியே ஏற்பது என் தொழிலில் இல்லை. ஒருநாள் அதன் முதுகுக்குப் பின்னால் மொபெட்டை நிறுத்தி ஹாரனை விடாமல் அழுத்தினேன். காது மடல்கூட அசையவில்லை.

வெங்கட்ராஜாவின் மனைவி ஜானகியம்மா வெளியே வந்தார். "அதுக்குக் கேக்காது சார். எனக்குக் கேக்குதுல்ல?"

இந்த ராணியைத்தான் உஸ்மான் பேச்சுத் துணையாகப் பிடித்துக்கொண்டான். கேட்காது, ஆகவே சிரிக்காது என்பது அவன் கணக்கு. சாயங்காலம் கொல்லையில் கிணற்றடிச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, தன் வீடு, நைல் நதி, தம்பி தங்கைகள் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போவான். ராணி எதிரே உட்கார்ந்து தலையைச் சாய்த்து அவன் வாயையே பார்க்கும். அவன் தடுமாறி நின்றால் வலது முன்காலைத் தூக்கி அவன் முழங்கால்மேல் வைக்கும். அவன் அதைத் தடவிக்கொண்டே மறுபடி தொடங்குவான். வாயசைவு நின்றால் பன் கிடைக்கும் என்று பழகியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்று நான் விளக்கம் வைத்திருந்தேன்.

"ஊர்ல இம்புட்டுப் பேர் இருக்கோம், செவிட்டு நாய்கிட்டயா பேசுவாக?" என்பார் ஜானகியம்மா. தெலுங்கு பேசும் குடும்பம், பையன்களை நாயனா என்றுதான் அழைப்பார். "நாயனா, எங்கிட்டப் பேசு, நான் கேக்கேன்."

"நீ எங்க அடுத்தவனப் பேசவிட்ட?" என்பார் வெங்கட்ராஜா, செய்தித்தாளை இறக்காமலே.

ராணியிடம் பேச்சு சரளமாகிவிட்டது. வகுப்பில் மட்டும் அதே ஊமை. தேர்வு நாளும் வந்தது.

அன்று காலையில்தான் தெரிந்தது, உஸ்மான் பாஸ்போர்ட்டை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். அதைப் பார்க்காமல் முடிவைப் பதிய மாட்டார்கள். வரிசையை விட்டு அவன் நகர முடியாது. நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் விரைந்தேன். ஜானகியம்மா மாற்றுச் சாவியைத் தேடி உள்ளே போனார். நான் கொல்லைப் பக்கம் நின்றேன்.

ராணி தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்திருந்தது. எழுந்தது. வெயிலில் நடந்து போய் அந்தப் பெஞ்சுக்கு எதிரே உட்கார்ந்து தலையைச் சாய்த்தது. பெஞ்சு காலி. ஒரு துணிகூட அதில் இல்லை. நான் தரையை மிதித்தேன். திரும்பவில்லை. இன்னொரு முறை பலமாக மிதித்தேன், கிணற்றடி வாளி அதிர்ந்தது. ராணி திரும்பவில்லை. பெஞ்சின் ஓர் இடத்தைப் பார்த்தபடி வலது காலைத் தூக்கி, ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் முழங்கால் இருக்கும் உயரத்தில் வைத்தது. வைத்தது என்றுதான் சொல்ல வேண்டும், வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த நேரம் மில் சங்கு ஊதியது. ஊதி ஓய்ந்தது. கால் அங்கேயே இருந்தது.

ஜானகியம்மா சாவியோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"யாரு சார் ஒக்காந்திருக்கா?"

"யாருமில்லம்மா."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. அதான் கேக்கேன்."

உள்ளே போய் ஒரு பன்னை எடுத்து வந்து ராணியின் மூக்கருகே நீட்டினார். அது பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்துத் தானாகவே காலை இறக்கி, வாலை ஆட்டிவிட்டு, நிழலுக்குத் திரும்பிப் படுத்தது. பிறகுதான் பன்னைத் தின்றது.

நான் பாஸ்போர்ட்டோடு கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உஸ்மானின் முறை முடிந்திருந்தது. வேப்பமரத்தடியில் பையன்கள் அவனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். காலித் என்னிடம் ஓடி வந்தான். "சார், பய பேசிட்டான் சார்." அன்றும் அவன் தமிழில்தான் சொன்னான்.

தேநீர் இடைவேளையில் மதுரைப் பேராசிரியையிடம் போனேன். எந்தச் செய்திக்கும் இரண்டு பக்கமும் கேட்பது பழக்கம்.

"அந்த உயரமான பையனா? ரொம்ப நேரம் ஒரு வார்த்தை பேசல. மில் சங்கு ஊதுச்சு, சரி போதும்னு பேனாவ மூடப் போனேன். அப்பத்தான் குனிஞ்சு பாத்தான், முழங்கால் மேல எதையோ தடவுற மாதிரி. அப்புறம் பேச ஆரம்பிச்சவன் நிறுத்தல. நைல் நதில ஒரு மீன் பாக்கியில்ல சார்."

அவர் கேட்ட சங்கும் நான் கேட்டதும் ஒரே நேரம்தான். இரண்டு பக்கத்து மில்களிலும் ஒரே நேரத்துக்குத்தான் ஊதுவார்கள்.

சாயங்காலம் மொபெட்டைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு உஸ்மானோடு பஸ் ஏறினேன், வழியில் கேட்டேன். இப்போது முழு வாக்கியமாகப் பதில் வந்தது. "நான் எதையும் தடவவில்லை, சார். இரண்டு கையாலும் நாற்காலியின் அடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்." உள்ளங்கைகளை விரித்தான். இரண்டிலும் இரும்பு விளிம்பு அழுந்திய கோடு இன்னும் மறையாமல் இருந்தது. முழங்காலில் எதுவும் படவில்லையா? இல்லை. ராணியை நினைத்தாயா? யாரையும் நினைக்கவில்லை, பயந்தேன், பிறகு பேசினேன், அவ்வளவுதான்.

கொல்லையில் பார்த்ததைச் சொன்னேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். "நீங்கள் பத்திரிகைக்காரர். நல்ல கதை. ஆனால் ராணிக்குக் காது கேட்காது, சார்."

அவனுக்கு இடம் கிடைத்தது. அந்த மாடியறையிலேயே இருந்து படிப்பை முடித்தான். கடைசி வருடத்தில் வீட்டில் அவன் பேச்சை நிறுத்த முடியவில்லை என்று ஜானகியம்மாவே குறைப்பட்டுக்கொண்டார். அவன் அண்ணனிடமிருந்து தகவல் வந்ததா என்று மட்டும் நான் கேட்கவே இல்லை.

சில வருடம் கழித்து வ. புதுப்பட்டியில் கால்நடை முகாம் பற்றிய செய்திக்குப் போனபோது, மருத்துவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். நாய் ஒரு காலை அந்தரத்தில் தூக்கியபடி நெடுநேரம் இருக்குமா?

"இருக்கும் சார், அதுல அதிசயமில்ல" என்றார். பக்கத்தில் நின்ற நாயின் முன்காலைத் தூக்கிக் காட்டினார். பாதம் தளர்ந்து கீழே தொங்கியது, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிறகு அதே காலை மேசைமேல் வைத்தார். விரல்கள் அகன்றன, பாதம் பரந்து தட்டையானது, நகங்கள் முன்னால் நீண்டன. "சும்மா தூக்குனா அப்படி. எதும்மேலயாவது அழுந்துனா இப்படி. நீங்க பாத்தது எப்படி இருந்துச்சு?"

முகாமுக்கு மாடுகள் நிறைய வந்திருக்கின்றனவே என்று பேச்சை மாற்றினேன்.

கொல்லையில் நான் நின்ற இடத்திலிருந்து பெஞ்சு நாலெட்டு தூரம்தான். வெயில் நன்றாக அடித்தது. ராணியின் விரல்கள் அகன்றிருந்தன.