‘ஆஷ்ச்சி’ சொன்ன பெண்

அலிப்பூரில் அந்த நர்சிங் பள்ளி அறையில் டீச்சர் இருந்தார், பரீட்சைக்கு வந்த தமிழ்ப் பெண் இருந்தாள், தரை துடைக்க நான் இருந்தேன். திரையில் ஏஐ பேசவைக்கும் ஒருவன், சாகக் கிடக்கும் தன் அப்பா அருகே இரும்புக் கம்பியோடு நின்றான். அவனைச் சமாதானப்படுத்திவிட்டு வெளியேறினால்தான் அவள் பாஸ்.

மெலிந்த பெண். நன்றாகவே பேசி அவனை அடக்கினாள். கிளம்பும்போது “ஆஷ்ச்சி, தாதா” என்றாள். வருகிறேன் அண்ணா என்று அர்த்தம். நம்மைப் போல வங்காளிகளும் விடைபெறும்போது சொல்வதுதான். மிஷினோ அவள் நெருங்கி வருவதாக எடுத்துக்கொண்டது. திரைக்குள் கம்பி அவள் மண்டையில் இறங்கியது. திரையெல்லாம் ரத்தம். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். மறுபடி அடி.

“போறேன்னு சொல்லித் தொலையேம்மா!” என்றேன்.

“சாகக் கிடக்கிறவர் பக்கத்துல நின்னு அதை எப்படிக்கா சொல்றது?”

கடைசிவரை சொல்லவில்லை. டீச்சர் ஃபெயில் போட்டார். மண்டை உடைந்தது ஒன்பது முறை.