பதினோரு வீட்டுக் காவலர்

விரலை மடக்கிச் சுவரைத் தட்டிக்கொண்டே வருகிறார் நஞ்சுண்டன். ‘டொக்’ என்றால் காரை உயிரோடிருக்கிறது. ‘தொப்’ என்றால் அந்த வீட்டுக்காரருக்குக் காலைக் காப்பி கசக்கும்.

பீளமேட்டில் ஒரு மில் முதலாளி அந்தக் காலத்தில் தன் அலுவலர்களுக்குக் கட்டிய பதினோரு வீடுகள். ஒட்டியிருக்கும் வீடுகளுக்கு நடுவே ஒரே பொதுச்சுவர். வாசலுக்கு வாசல் ஒரே வளைவு, உச்சியில் சுதைக்கிளி, கீழே நான்கு கருங்கல் படி. ஸ்டோர்ஸ் கிளார்க்காக ஓய்வுபெற்ற நஞ்சுண்டன்தான் இரண்டு வருடம் மனு எழுதி, தொண்ணூற்றாறில் இந்த வரிசையைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக்கினார். அன்றிலிருந்து ஆணி அடிக்கவும் அவரைக் கேட்க வேண்டும். ஆறாம் எண்ணில் டிஷ் ஆன்டெனா இறங்கியது. ஒன்பதில் பச்சை பெயிண்ட் சுரண்டப்பட்டது.

“ஊடு உங்குளுதுங்க. மொகப்பு நாட்டுக்குச் சொந்தமுங்க” என்பார்.

அடுத்த வீட்டு ஜபருல்லா, நடக்க முடியாத தன் தாயாரின் சக்கர நாற்காலி ஏறி இறங்கப் படிமேல் சிமென்ட் சரிவு போடக் கேட்டார். “எழுவது வருசத்துப் படிங்க பாய். அதுமேல சிமிட்டியா?” என்று மறுத்ததோடு, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுக்கு அனுமதி தரும் அரசுக் குழுவுக்கும் அதையே எழுதிப்போட்டார்.

போன ஐப்பசியில் நஞ்சுண்டனின் மனைவி செல்லாத்தாள் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வந்தவரை நாலு பேர் தூக்கி உள்ளே விட்டார்கள். அதன்பின் ஒரு மாதம் அவர் தெருவையே பார்க்கவில்லை. சரிவு கேட்டு நஞ்சுண்டன் மனுப்போட்டார். ‘எழுபது வருடப் படியின்மேல் சிமென்ட் அனுமதிக்கப்படாது’ என்று பதில் வந்தது. அவருடைய வரியேதான்.

“ஏனுங்க, நானும் நாட்டுக்குச் சொந்தமாயிட்டனுங்களா? உள்ளயே வெச்சுப் பாதுகாக்கறீங்க?” என்றார் செல்லாத்தாள்.

நஞ்சுண்டன் சட்டைகூட மாட்டாமல் ஜபருல்லா வீட்டுக்குப் போனார்.

“பாய், அன்னிக்கு நான் பேசுனது தப்புங்க. கொத்தனார் யாராச்சும் தெரியுமுங்களா?”

“தெரியுமுங்ணா. ரெண்டு ஊட்டுக்கும் சேத்துப் போட்டர்லாமுங்க.”

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வாசலிலும் சரிவு போட்டாயிற்று. புதன்கிழமை குழுவின் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். நஞ்சுண்டன் தன் வீட்டுச் சரிவை வெயிலில் அப்படியே விட்டுவிட்டு ஓடினார். ஜபருல்லா வீட்டுச் சரிவின் நடுவில் போய் அமர்ந்து, சறுக்காமலிருக்கக் குதிகாலை அழுத்தி ஊன்றி, சிமென்ட் தெரியாதபடி வேட்டியை இரு பக்கமும் நன்றாக விரித்துக்கொண்டார்.