வாந்தி வராத ஓங்காளம்

அஜின்கோர்ட்டில் அன்புராசாவின் வீட்டு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்த பெண் அன்ரனெற். மன்னாரிலிருந்து வந்து நாலைந்து வருடம் இருக்கும். கேக் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. அங்கே தேவைப்பட்ட ஆங்கிலம் 'யெஸ்', 'சொறி', 'ஃபினிஷ்' என்பதோடு முடிந்துவிடும். நாய்களோடு அவருக்கு எந்த ஒட்டுறவும் இல்லை.

அன்புராசா, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் களவு போனதும், கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கிரேட் டேன் நாயை வாங்கி ரைகர் என்று பெயர் வைத்தவர். தொண்ணூற்று நான்காம் ஆண்டு கோடையில், தம்பியின் கலியாணத்துக்காக மொன்றியல் புறப்பட்டபோது சாவியை அன்ரனெற்றிடம் கொடுத்தார்.

"ஒருநேரச் சாப்பாடுதான் தங்கச்சி. பேசின் நிறையப் போட்டு விடுங்கோ. வேற வேலையில்லை."

"கடிக்காதோ அண்ணை?"

"உவனோ? சாப்பிட்டிட்டு பின்வளவில ஓடித் திரிவான்."

சனிக்கிழமை காலை சொன்னபடியே நாயின் சாப்பாட்டுப் பேசினை நிறைத்தார். ரைகர் மெல்லாமலே விழுங்கியது. கிடந்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு அணிலைத் துரத்தியது. மத்தியானத்துக்குள் அதன் போக்கு மாறிவிட்டது. படுப்பதும் எழும்புவதுமாக இருந்தது. தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. கழுத்தை நீட்டி, உடம்பெல்லாம் குலுங்க ஓங்காளித்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. அன்ரனெற் பயந்து பயந்து விலாவைத் தொட்டார். காற்றடித்த பந்துபோல இறுகியிருந்தது.

மிருக வைத்தியரின் இலக்கம் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டியிருந்தது. தொலைபேசியை எடுத்தார்.

"டோக் சிக். வொமிற்."

வாந்தியில் என்ன வந்தது என்று மறுமுனையில் ஒரு பெண் கேட்டாள்.

"நோ வொமிற்."

"அப்படியானால் வாந்தி எடுக்கவில்லையா?"

"வொமிற். பட், நோ வொமிற்."

அந்தப் பெண் பொறுமையாக ஏதோ சொன்னாள். அதில் 'குட்' என்பதும் 'மண்டே' என்பதும் மட்டும் அன்ரனெற்றுக்கு விளங்கின. லைன் அறுந்தது.

ஓங்காளத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது? அவருக்குத் தெரியவில்லை. தெரியாத தன்மேலும், கேளாத அவள்மேலும், மொன்றியலில் சந்தனம் பூசிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்மேலும் ஒரே நேரத்தில் கோபம் வந்தது. மறுபடி எடுத்தார். இம்முறை ஒன்றும் பேசாமல், வயரை இழுத்துக்கொண்டு போய் ரிசீவரை நாயின் வாயருகே பிடித்தார். ரைகர் ஓங்காளித்தது. பிறகும் ஓங்காளித்தது. திரும்பக் காதில் வைத்தபோது ஓர் ஆணின் குரல் கேட்டது. பெரிய நாயா, வயிறு ஊதியிருக்கிறதா என்று நிறுத்தி நிறுத்திக் கேட்ட வைத்தியர், உடனே வரச் சொன்னார்.

வந்த டாக்சிக்காரர் நாயைக் கண்டதும் கதவைத் திறக்காமலே போய்விட்டார். எதிர்வீட்டுச் சீனர் மரக்கறி ஏற்றும் வான் வைத்திருந்தார். அவருக்கும் ஆங்கிலம் அவ்வளவுதான். அன்ரனெற் கையால் வயிற்றைக் காட்டியதும் விளங்கிக்கொண்டார். இருவருமாக நாயைப் படுக்கைவிரிப்பில் வைத்துத் தூக்கி ஏற்றினார்கள்.

வைத்தியர் ஊசி குத்திக் காற்றை இறக்கினார். எக்ஸ்ரே படத்தைக் காட்டி, துணி பிழிவதுபோலக் கைகளை முறுக்கிக் காட்டினார். இரைப்பை முறுகிவிட்டது, இப்போதே வெட்டாவிட்டால் செத்துப்போகும். நாயின் சொந்தக்காரர் எங்கே என்று கேட்டார்.

அன்புராசா எழுதி வைத்துவிட்டுப் போன இலக்கத்தில் கலியாண மண்டபத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"தாலி கட்டுற நேரம் அன்ரி, பிறகு எடுங்கோ."

மறுபடி எடுத்தார்கள்.

"எந்த அன்புராசா? இங்க ரெண்டு பேர் இருக்கினம்."

"நாயை வச்சிருக்கிற அன்புராசா!"

சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். வைத்தியர் சம்மதப் படிவத்தோடு வாசலிலேயே நின்றார்.

"மை டோக்," என்று சொல்லி அன்ரனெற் கையெழுத்துப் போட்டார்.

முறுக்கைப் பிரித்து, இனித் திரும்பாதபடி இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தார்கள். ரைகர் பிழைத்தது.

மொன்றியலிலிருந்து திரும்பிய அன்புராசா தழும்பைப் பார்த்தார். "ஆரைக் கேட்டு வெட்டினனீங்கள்? வயித்தூதல்தானே. ஓமத்தண்ணி பருக்கியிருந்தா இறங்கியிருக்கும்."

"குடலுக்குப் போற வழியே முறுகிப்போச்சு அண்ணை. ஓமத்தண்ணி எதால இறங்கிறது?"

சாப்பாட்டைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், சாப்பிட்ட கையோடு ஓடவிடக்கூடாது என்று வைத்தியர் சொன்னதையும் சொன்னார். அன்புராசா தலையாட்டினார். காயம் ஆறியதும் மீண்டும் பேசின் நிறைந்தது. அன்ரனெற் மேலே ஏறிப்போய்ப் பாதியை அள்ளி எடுத்தார்.

"நாய் என்ர, தங்கச்சி."

"ஓம். அண்டைக்கு உங்களைத் தேடினனான். நீங்கள் இல்லை."

அன்றுமுதல் இரண்டு நேரமும் சாப்பாடு வைப்பது அவர் வேலையாயிற்று. வேலைக்குப் போகும் உடுப்பில் நாய்மயிர் ஒட்டுகிறது என்று தினமும் புறுபுறுத்துக்கொண்டே வைத்தார். ரைகர் இன்னும் சில வருடங்கள் இருந்தது.

மேல்வீட்டில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவில், பலகாரத் தட்டோடு அன்ரனெற் மேலே வந்தபோது அன்புராசா கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் உடன தூக்கிக்கொண்டு ஓடினபடியாத்தான் உவன் தப்பினவன்."

"எப்பிடி அண்ணை கண்டுபிடிச்சனீங்கள்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பாத்த உடன தெரிஞ்சுது."

அன்ரனெற் தட்டை மேசையில் ஓங்கி வைத்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்து, பிறகு வடையை எடுத்தார்கள். அவர் கீழே இறங்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.