வண்டிக்கு ஒரு வாய்த் தண்ணீர்

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்குக் கடைசி நேரம். மகன் ஆசையாய் வாங்கிய பழைய கார், அங்கே போகும் வழியில் டெக்சாஸ் வெயிலில், ஃப்ரீவே ஓரம் கொதித்து நின்றுவிட்டது. எஞ்சின் ஆறியும் புண்ணியமில்லை.

"ரேடியேட்டர் ட்ரை ஆயிடுச்சும்மா. தண்ணி வேணும்."

என் மடியில் அவர் வாயில் விடுவதற்கான கங்கைத் தண்ணீர் பாட்டில்.

அந்தச் சூட்டு வாடையில் அப்பாவின் லாரி நினைவுக்கு வந்தது. அன்றும் பொட்டல்வெளியில் இப்படித்தான் நின்றோம். காய்ச்சலில் தம்பி தண்ணீர் கேட்டு அழுதான். அம்மா கூஜாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"குடு புள்ள. வண்டி குடிச்சாத்தான் பையன் பொழைப்பான்" என்ற அப்பா, தம்பிக்கு ஒரு வாய் வைத்துவிட்டு மீதியை ஊற்றினார். தம்பி பிழைத்தான்.

பாட்டிலை நீட்டினேன்.

"அம்மா, அது அப்பாவுக்கு!"

"ஊத்துப்பா. மொதல்ல போய்ச் சேரணும்."

ஒரு மூடித் தண்ணீரை மட்டும் சிந்தாமல் கையில் வைத்துக்கொண்டேன்.