மூத்தவளின் மூலை

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் நின்றுகொண்டே சமைக்கலாம். தேனிக் கடைவீதியில் அப்போது வேறு எந்த வீட்டிலும் அந்த வசதி கிடையாது. ரயிலில் வந்து இறங்கிய கடப்பைக்கல் ஒன்றை இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழுப்பி மேலே பதித்திருந்தார்கள். ஏழடி நீளம், நல்ல கறுப்பு. குனிந்து நிமிர முடியவில்லை என்று என் கணவரின் முதல் மனைவி கேட்டாளாம். ஏலக்காய் வியாபாரம் அந்த வருடம் நன்றாக இருந்ததால் அவரும் வாங்கிப் போட்டார். எட்டு மாதம் அதில் சமைத்துவிட்டு, வயிற்றுப் பிள்ளையோடு அவள் செத்துப்போனாள். பெரியகுளம் போகிற பாதையில் அவள் பேரில், வழிப்போக்கர் சுமை இறக்க ஒரு சுமைதாங்கிக் கல் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்து அந்தச் சமையல் மேடையின் முன்னால் நான் போய் நின்றேன்.

அந்தக் கல்லுக்குச் செய்த பணிவிடையை நான் என் மாமனார் மாமியாருக்குக்கூடச் செய்யவில்லை. அவர்கள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் தப்பித்தார்கள். காலையில் சலித்த சாம்பலைத் தூவி, தேங்காய் நாரால் ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். மணல் ஆகவே ஆகாது, கீறிவிடும். ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மஞ்சள் சிந்தினால் அரிசி மாவைக் குழைத்து அப்பி, காய்ந்ததும் உதிர்க்க வேண்டும். சூட்டோடு எந்தப் பாத்திரத்தையும் பிரிமணை இல்லாமல் வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ஒரு சொட்டு விளக்கெண்ணெயை ஏழடிக்கும் இழுத்துத் தேய்த்தால் முகம் பார்க்கலாம்.

வலது மூலையைத் தவிர. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் வெளுத்துச் சொரசொரவென்று இருந்தது. எவ்வளவு எண்ணெய் போட்டாலும் மறுநாள் பழையபடி வெளுத்துவிடும்.

"அங்கன பாத்திரம் வைக்காத. அது மூத்தவ நிக்கிற இடம்" என்றார் மதினி. மதினி என்பது என் கணவரின் அக்கா. சின்ன வயதில் தாலியறுத்துத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். வீடு அவர் சொல்படிதான் நடந்தது. மூத்தவள் செத்த மாதத்திலிருந்து அந்த வெளுப்பு இருக்கிறதாம். கையூன்றி நின்று அழுகிறாளாம்.

மசக்கையில் அவள் புளிச்சோறு ஒன்றைத்தான் வாயில் வைத்தாள் என்று, வெள்ளிதோறும் மதினி புளிச்சோறு கிளறி அந்த மூலையில் படைப்பார். கல்லின் மேலேயே வைப்பார், இலை போடமாட்டார். "இலை போடுறது விருந்தாளிக்கு. அவ வீட்டுக்காரி" என்பார். அப்படியானால் நான் யார் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. விளக்கு வைக்கிற நேரம் வரை சோறு அப்படியே இருக்கும். பிறகு எடுத்து மாட்டுக்கு வைப்பார்.

எனக்கு முதல் கரு நாலாம் மாதத்தில் போயிற்று. இரண்டாவது ஆறாம் மாதத்தில். இரண்டு தடவையும் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து முதலில் பார்த்தது அந்த மூலையைத்தான். வெளுப்பு பெரிதாகியிருந்தது. விரல்கள் விரிந்த மாதிரி இருந்தது. அதன் பிறகு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி என்னால் நிற்க முடியவில்லை. வெங்காயம் நறுக்கும்போது கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவார்கள். திரும்பினால் ஒன்றும் இருக்காது. கல் தேய்க்கையில் அந்த இடம் வந்ததும் நார் கையிலிருந்து நழுவும். அவள் மேல் எனக்கு அப்படியொரு கோபம். உனக்குக் கிடைக்கவில்லை என்றால் எனக்கும் கூடாதா என்று மனசுக்குள் சண்டை போடுவேன். அடுத்த நிமிஷமே பயந்து கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

மூன்றாவது கரு தங்கியது. ஏழாம் மாதம் நடக்கும்போது, இந்தப் பிள்ளையாவது நிலைக்க வேண்டும் என்று தீச்சட்டி எடுக்க மதினி வீரபாண்டிக் கோயிலுக்குப் போனார். அன்றைக்குப் பார்த்து அம்மி கொத்துகிறவர் தெருவில் வந்தார். மதினி இல்லாத தைரியத்தில் அவரை உள்ளே கூப்பிட்டு மூலையைக் காட்டினேன்.

நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு மோந்து பார்த்தார்.

"இங்கன புளி வைப்பீகளா ஆத்தா?"

"வைப்போம். ஏன்?"

"ஒரு எலுமிச்சம்பழம் கொண்டாங்க."

மேடையின் பின்னோரத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், இரண்டு சொட்டுப் பிழிந்தார். கல்லின் மேல் சின்னச் சின்னதாக நுரை பொங்கியது. துடைத்தபோது அங்கேயும் வெளுப்பு. "கருங்கல்லுன்னா தாங்கும். இது சுண்ணாம்புச் சாதிக் கல்லு. புளிப்பு பட்டா வெந்துபோகும்" என்றார்.

நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். நாங்கள் வாரம் தவறாமல் வைத்த சோறுதான் கல்லைத் தின்றிருக்கிறது. அவர் அரைநாள் உட்கார்ந்து சாணைக்கல்லால் தேய்த்து எண்ணெய் போட்டுக் கொடுத்தார். மூலை மற்ற இடத்தைப் போலவே கறுத்துப் பளபளத்தது. அன்றைக்கு முதல் தடவையாக அங்கே ஒரு செம்பை வைத்தேன்.

மதினி திரும்பி வந்து பார்த்தவர் கூடையை இறக்காமலே நின்றார். நான் எலுமிச்சம்பழக் கதையைச் சொன்னேன், கொஞ்சம் கெக்கலித்துத்தான் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை.

"அப்ப உன் புள்ளைக ரெண்டையும் யாரு எடுத்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அது குத்திக் கேட்டதல்ல, அவருக்கும் தெரியாமல் கேட்டது. அந்த வெள்ளி புளிச்சோறு கிளறவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. அடுக்களையில் மூச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. முதுகைக் காட்டி நின்றேன், ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் இருந்தவரை என் பிள்ளைகளைக் கொண்டுபோனதற்கு ஓர் ஆள் இருந்தது. திட்டலாம், கெஞ்சலாம், சோறு வைத்துச் சமாதானம் செய்யலாம். இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்? யாரும் எடுக்காமல் சும்மாவே போன பிள்ளை, மறுபடியும் சும்மாவே போகும். பளபளத்த கல்லைத் தினமும் துடைத்தேன், துடைக்கத் துடைக்கப் பயம் கூடியது.

ஒன்பதாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தேன். ஒருக்களித்துப் படுத்தேன். வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். உச்சிப்பொழுது ஆயிற்று. என் கணவர் போடிக்குப் போயிருந்தார். எழுந்து அடுக்களைக்குப் போய், ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்து, அந்த மூலையில் முழுதும் பிழிந்தேன். பொங்கியது. தோலை வைத்துத் தேய்த்தேன். வெளுக்கும் வரை தேய்த்தேன்.

"அக்கா, தெரியாமப் பண்ணிட்டேன். வந்துரு அக்கா. இத மட்டும் எனக்கு விட்டுக்குடுத்துரு."

எல்லாம் தெரிந்துதான் செய்தேன். கல் ஏன் வெளுக்கிறது என்று அந்த ஊரிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நிலைப்படியில் மதினி நின்றிருந்ததைப் பிறகுதான் கண்டேன். அவர் உள்ளே வந்து, புளியை எடுத்து ஊறப் போட்டார். சாயங்காலம் பிள்ளை உதைத்தது.

பெண் பிள்ளை பிறந்தது. பெயர் வைக்கும் நாளில் யாரும் வாய் திறக்கும் முன் மூத்தவளின் பெயரை நானே சொன்னேன். வந்திருந்தவர்கள் அசந்துபோனார்கள். இப்படி ஒரு மனசு எந்த இளையாளுக்கு வரும் என்று தெருவே பேசியது. என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளை நான் ஒருநாளும் அடித்ததில்லை. கேட்டதை இல்லை என்றதில்லை. அவள் முகம் கொஞ்சம் வாடினால் எனக்குக் கைகால் ஓடாது. பாசம் என்றார்கள், நானும் ஆமாம் என்றேன். அவளுக்குள் இருக்கிற மூத்தவளுக்குக் கோபம் வந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்துதான் வளர்த்தேன். என் மகளாக மட்டும் அவளை ஒரு நாள்கூட என்னால் தூக்க முடியவில்லை.