ஹந்தானை ரோட்டில் நடக்க முடியுமா?

போன வாரம் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தினமும் நடங்க. அடுத்த மாசமும் ரத்தத்துல சீனி இப்படியே இருந்தா ஊசிதான்" என்றார்.

ஊசி என்றாலே எனக்குப் பாதி உயிர் போய்விடும். மறுநாள் காலையே புறப்பட்டுவிட்டேன்.

நடப்பதற்கு என்ன குறை? வீடு ஹந்தானை ரோட்டில். வெளிநாட்டுக்காரர்கள் பிளேன் ஏறி வந்து படம் பிடிக்கும் இடம்! ஒரு வளைவில் தேயிலை, அடுத்த வளைவில் பனிமூட்டம், மரத்துக்கு மரம் குரங்கு, கீழே கண்டி வாவி. இத்தனை வருடமும் இதையெல்லாம் நான் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆனால்... நடக்க விட்டால்தானே?

நம் கண்டிக்காரர்களுக்கு ஒரு குணம். தெரிந்தவர் நடந்து போனால் மனசு தாங்காது. வண்டியை நிறுத்தி "ஏறுங்க" என்பார்கள். ஏறாவிட்டால் கோபம். உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும், இல்லையா?

ஒரு நாள் பக்கத்து வீட்டு வேன். இன்னொரு நாள் கோயில் ஐயரின் மோட்டார் சைக்கிள் - அவருடைய பூக்கூடையையும் நான்தான் பிடித்துக்கொண்டேன். "எக்சர்சைஸ் பண்றேன்" என்று ஒரு நண்பரிடம் சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு வாவிக்கரைதான் நல்லது. ஏறுங்க, கொண்டுபோய் விடுறேன்" என்றார்! அங்கே இறங்கியதும், வீட்டுப் பக்கம் திரும்பும் இன்னொருவர் பிடித்துக்கொண்டார்.

"நடந்துட்டு வர்றவருக்கு ஒரு சொட்டு வேர்வையக் காணோமே?" என்றாள் மனைவி.

நேற்று ஒரு முடிவோடு கிளம்பினேன். பார்த்ததுமே எக்சர்சைஸ் என்று தெரியட்டும் என்று வெள்ளை டீ சேர்ட், வெள்ளை லோங்ஸ். சந்தியில் த்ரீவீல் ஓட்டும் செல்வம் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"ஏறுங்க சார்."

"இல்ல செல்வம், இன்னைக்கு நடந்தே ஆகணும்."

அவர் முகம் சுருங்கிப்போனது. "நம்ம மேல ஏதும் கோவமா சார்?"

"அதெல்லாம் இல்லப்பா. சீனி..."

"அப்ப நான் மெதுவா பின்னாலயே வர்றேன். களைச்சுப் போனா ஏறிக்கங்க."

சொன்னபடியே வந்தார். ரோடோ ஒடுக்கம், முந்த இடமில்லை. அவருக்குப் பின்னால் வேன், லொறி, ஸ்கூல் பஸ்... ஹோர்ன் அடித்தே கொல்லப்போகிறார்கள் என்று நடுங்கினேன். ஆச்சரியம் - ஒருவரும் அடிக்கவில்லை! எதிரே வந்த கார்கூட ஓரங்கட்டி நின்றது. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு இவ்வளவு மரியாதையா? நானும் தலைநிமிர்ந்து, பனி விலகுவதை ரசித்தபடி நடந்தேன்.

வளைவில் பழக்கடை வைத்திருக்கும் அலவத்துகொட ஊர் நானா எழுந்து நின்றார். தாழ்ந்த குரலில் கேட்டார்: "யாரு சார் மௌத்தானது?"

மறுபடி திரும்பிப் பார்த்தேன். முன்னால், செத்தவீட்டுக்குப் போகிறவன் போல வெள்ளை உடுப்பில் நான். பின்னால் ஊர்ந்து வரும் வரிசை... மரண ஊர்வலத்தை இந்த ஊரில் யார் முந்துவார்கள்? அதில் நடக்கிறவரை யார் வண்டியில் ஏறச் சொல்வார்கள்?

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாவி வரை முழுதாக நடந்துவிட்டேன்! சட்டை நனைய வேர்த்தது. ஊசி கொஞ்சம் தள்ளிப்போனது போல அப்படி ஒரு சந்தோஷம்.

செல்வத்திடம் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் சிரிக்கவேயில்லை.

"நாளைக்கும் வெள்ளையிலயே வாங்க சார். செத்தவீட்டுக்குக் கட்டுற மாதிரி நான் வண்டியில ஒரு வெள்ளைக்கொடி கட்டிக்கிறேன்."