பனிமலையில் நின்ற யசோதினி

யசோதினிக்கு நெடுந்தீவை விட்டால் யாழ்ப்பாணம் மட்டும்தான் தெரியும். கொழும்புக்கு அவள் முதன்முதலாகப் போனதே கனடாத் தூதரகத்தின் விசா நேர்முகத்துக்குத்தான். கலியாண அல்பத்தைப் பொலித்தீனில் சுற்றி, படகில் கடல்தண்ணீர் படாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

தமிழ் பேசும் அதிகாரி ஒருவர் அல்பத்தைத் திறந்தார். "நீங்கள் வெளிநாடே போனதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது சுவிஸ் மலை அல்லவா?"

"அது ஸ்ரூடியோக்காரன்ர வேலை, மிஸ். நாங்கள் நிண்டது மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில."

அடுத்த பக்கத்தில் ஈபிள் கோபுரம். அதற்கடுத்ததில் அன்னங்கள் நீந்தும் ஏரி.

"உண்மையான படம் ஒன்றுகூட இல்லையா?"

"பின்னால இருந்த கல்மதில் வடிவில்லையெண்டு அவன் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டான். நானோ அப்பிடிச் செய்யச் சொல்லிக் கேட்டனான்?"

வந்த கோபத்தில், ஒருவருக்கும் காட்டுவதில்லை என்று கைப்பையில் ஒளித்திருந்த சிறு படத்தை மேசையில் வைத்தாள். கலியாணம் முடிந்து நயினாதீவுக் கோயிலுக்குப் போன நாள். கணவன் கஜீபன் படகின் விளிம்பில் குனிந்து வாந்தி எடுக்கிறார். பட்டுச்சேலையோடு யசோதினி அவருடைய வேட்டியைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.

"விட்டா விழுந்திடுவார், மிஸ். பத்து வருசம் கனடாவில இருந்து இவருக்குக் கடல் ஒத்துவரேல்லை."

அதிகாரி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அல்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தச் சிறு படத்தை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டார்.

மாலையில் கஜீபன் கனடாவிலிருந்து தொலைபேசியில் கேட்டார்.

"எந்தப் படத்தைப் பார்த்து அவையள் நம்பினவை?"

யசோதினி கொஞ்சம் யோசித்தாள். "பனிமலையில நிண்ட படம்."

"பாத்தீரே," என்றார் கஜீபன் பெருமையாக. "ஸ்ரூடியோக்காரனிட்டப் பனி போடச் சொன்னது நான்தான்."